பச்சை விளக்கு 7 முறை சிமிட்டினால் என்ன அர்த்தம்? பனியன் மெஷினுக்குக் காவல் நிற்கும் குட்டிக் கம்ப்யூட்டர்!

இரவு ஷிப்ட். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வட்ட வடிவ மெஷின் சுழன்றுகொண்டே இருக்கிறது. மேலே கோன்களிலிருந்து நூல் இறங்குகிறது. கீழே குழாய் போலத் துணி பின்னப்பட்டு ரோலில் சுற்றிக்கொள்கிறது. திடீரென ஓர் ஊசியின் கொக்கி முறிகிறது. மெஷின் நிற்கவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று போனால் என்ன ஆகிவிடும்? ஒரு கணக்கைப் போட்டால் புரியும்.

30 இன்ச் டயா, 24 கேஜ் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச்சுக்கு எத்தனை ஊசி என்பதுதான் கேஜ். 30 இன்ச் விட்டத்துக்குச் சுற்றளவு 94 இன்ச் சொச்சம். அதை 24-ஆல் பெருக்கினால் சுமார் 2,260 ஊசிகள். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சாரின் முன்னால் விநாடிக்கு 940 ஊசிகள் கடந்துபோகும். ஓர் ஊசியைப் பார்க்கக் கிடைப்பது, ஒரு விநாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான்.

இதே மெஷினில் 90 ஃபீடர்கள் இருந்தால், ஒரு சுற்றுக்கு 90 வரிசை பின்னல் விழும். இன்ச்சுக்கு 45 வரிசை என்றால், சுற்றுக்கு 2 இன்ச் துணி. 10 நிமிடத்தில் 250 சுற்று, 500 இன்ச். அதாவது 12 மீட்டருக்கும் மேல். ஆபரேட்டர் அடுத்த மெஷினில் நூல் மாற்றிவிட்டுத் திரும்புவதற்குள், அத்தனை நீளத்துக்கும் நேர்க்கோடாக ஒரு பழுது விழுந்திருக்கும்.

கவனிக்காமல் விட்டால் அந்த ரோல் சாயப்பட்டறைக்குப் போகும், காம்பாக்டிங் போகும், கட்டிங் டேபிளுக்கு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் செலவு ஏறிக்கொண்டே போகும். 2024-25 நிதியாண்டில் கிட்டத்தட்ட 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. இங்கே துணியில் விழும் ஒரு கோடு, பல கைகளின் உழைப்பைச் செகண்ட்ஸ் மூட்டையில் தள்ளிவிடும்.

கையடக்கக் காவலாளி

ஊசி முறிந்தால் மெஷினை நிறுத்தும் டிடெக்டர்கள் வெகுகாலமாகவே உண்டு. இப்போது அடுத்த கட்டமாகக் கேமராக்கள் வந்துவிட்டன. போர்ச்சுக்கல் நாட்டின் ஸ்மார்டெக்ஸ் என்ற நிறுவனம், வட்ட நிட்டிங் மெஷினுக்குள்ளேயே கேமரா பொருத்தி, துணி பின்னப்படும்போதே பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியை உருவாக்கியது. 2021-ல் லிஸ்பனில் நடந்த வெப் சம்மிட் மாநாட்டில், புதிய நிறுவனங்களுக்கான போட்டியில் முதலிடம் பிடித்ததும் அதுதான்.

அதே வேலையைச் சின்ன அளவில் செய்துபார்க்க, ஏ.டி.எம் கார்டு சைஸ் கம்ப்யூட்டர் ஒன்று போதும். சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்று இதைச் சொல்வார்கள். பிராசஸர், மெமரி, யு.எஸ்.பி, நெட்வொர்க் எல்லாமே ஒரே பலகையில் இருக்கும். இதில் உலகம் முழுக்கப் பிரபலமானது ராஸ்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 35 டாலர். பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் கற்றுக்கொள்ள என்று வடிவமைக்கப்பட்டது, இன்று தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

இதில் ஓடுவது லினக்ஸ். அந்நியமான பெயராகத் தோன்றலாம். ஆனால், ஆண்ட்ராய்டு போனில் இதை வாசிக்கிறீர்கள் என்றால் உங்கள் கையில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் சேர்ந்து வந்த 'பாஸ்' லினக்ஸையும் பலருக்கு நினைவிருக்கும். அதை உருவாக்கியது சென்னையில் இருக்கும் சி-டாக் மையம்.

கெர்னல் என்பவர் யார்?

பனியன் கம்பெனியின் ஃப்ளோர் சூப்பர்வைசரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மெஷினில் யார் உட்காருவது, யாருக்கு முதலில் கட்டிங் பீஸ் கொடுப்பது, யார் காத்திருப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அவர். அவரைக் கேட்காமல் யாரும் மெஷினைத் தொட முடியாது.

கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்வது கெர்னல். கேமரா, மெமரி கார்டு, வைஃபை, திரை என எந்தப் பாகத்தையும் ஒரு ஆப் நேரடியாகத் தொடுவதில்லை. கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல் கொடுக்க வேண்டும்.

1991-ல் பின்லாந்தின் ஹெல்சின்கியில், 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய இந்த கெர்னல், இன்று 3 கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், தனக்குத் தேவையான மாதிரி புதிதாகத் தயாரிக்கலாம்.

ரெடிமேட் இருக்கும்போது தனியாக எதற்கு?

போர்டுடன் கிடைக்கும் ரெடிமேட் கெர்னல் வீட்டு வேலைக்கு அருமையாகப் பொருந்தும். படம் பார்க்கலாம், புரோகிராம் எழுதலாம். ஆனால், நிட்டிங் மெஷினின் கணக்கு வேறு. ஓர் ஊசிக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி.

சூப்பர்வைசர் ஷிப்மென்ட் பேப்பரில் மூழ்கியிருக்கும்போது கூப்பிட்டால், "ஒரு நிமிஷம் இருங்க" என்பார் அல்லவா? சாதாரண கெர்னலும் சில நேரம் அப்படித்தான். மெமரி கார்டில் எழுதிக்கொண்டோ, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டோ இருக்கும்போது சென்சாரின் கூப்பாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஐந்தாறு ஊசிகள் கடந்துபோயிருக்கும்.

இதற்காகவே 'ரியல் டைம்' லினக்ஸ் என்ற முயற்சி 20 ஆண்டுகளாக நடந்து வந்தது. வேகத்தைக் கூட்டுவது இதன் நோக்கமில்லை. கூப்பிட்டால் இவ்வளவு நேரத்துக்குள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவருவதுதான் நோக்கம். 2024 செப்டம்பரில் வியன்னாவில் லினக்ஸ் வல்லுநர்கள் கூடியபோது, இந்த முயற்சியை முன்னின்று நடத்திய தாமஸ் க்ளைக்ஸ்னர், இதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையைக் காகிதத்தில் அச்சடித்து, தங்க நிறத் தாளில் சுற்றி, லினஸ் கையில் கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பிலிருந்து அது லினக்ஸின் அங்கமாகிவிட்டது.

அங்கமாகிவிட்டதே தவிர, தானாக வேலை செய்யாது. கெர்னலைத் தயாரிக்கும்போது அந்த வசதியைத் தேர்வு செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கேதான் சொந்தத் தயாரிப்பு தேவைப்படுகிறது. இங்கேதான் தலைவலியும் தொடங்குகிறது. புதுக் கெர்னலைப் போட்டு, சுவிட்சைப் போட்டால்... திரை கறுப்பு!

முதல் கேள்வி: எதுவரை வந்தது?

துணியில் வரி விழுந்தால் அனுபவசாலி மாஸ்டர் உடனே மெஷினைக் கழற்ற மாட்டார். நூல் லாட் மாறியதா, நிட்டிங்கில் விழுந்ததா, சாயத்தில் வந்ததா என்று பின்னோக்கிப் போவார். எந்தக் கட்டம் வரை துணி நன்றாக இருந்தது என்று தெரிந்தால், பழுது அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் எழுந்து நிற்பதும் இப்படிக் கட்டம் கட்டமாக நடப்பதுதான். முதலில் சிப்புக்குள் இருக்கும் சிறு புரோகிராம் விழிக்கும். அது ஃபர்ம்வேரைத் தேடும். ஃபர்ம்வேர் கெர்னலைத் தூக்கி மெமரியில் வைக்கும். கெர்னல் மெமரி கார்டில் இருக்கும் ஃபைல்களைத் திறக்கும். பிறகு மற்ற ஆப்கள் வரிசையாக வரும். தொடர் ஓட்டத்தில் கோலைக் கை மாற்றுவதுபோல. கோல் எந்தக் கையில் கீழே விழுந்தது என்பதுதான் கேள்வி.

பச்சை விளக்கின் பாஷை

ராஸ்பெர்ரி பை போர்டின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு இருக்கும். எழுந்திருக்க முடியாதபோது, காரணத்தை அது சிமிட்டிச் சொல்லும். 4 முறை சிமிட்டி, நிறுத்தி, மீண்டும் 4 முறை என்றால், தொடக்க ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்கவில்லை. 7 முறை என்றால் கெர்னல் ஃபைல் கிடைக்கவில்லை.

புதுக் கெர்னல் போட்டவருக்கு 7 சிமிட்டல் ஓரளவு நல்ல சேதி. கெர்னலில் தவறில்லை, அது இருக்கும் இடத்திலோ பெயரிலோதான் தவறு. 'கான்ஃபிக்' ஃபைலில் ஒரு பெயரை எழுதிவிட்டு, கார்டில் வேறு பெயரில் வைத்திருப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் போதும்.

பை 4 போன்ற மாடல்களில் திரையில் வானவில் நிறச் சதுரம் தெரிந்து, அதோடு நின்றுவிட்டால், ஃபர்ம்வேர் வரை வந்தாயிற்று, கெர்னல் கிளம்பவில்லை என்று பொருள். 32 பிட் கெர்னலை 64 பிட் என்று சொல்லி வைத்திருக்கலாம். வேறு மாடலுக்கான கெர்னலாக இருக்கலாம். காப்பி ஆகும்போது பாதியில் கார்டை உருவியிருக்கலாம்.

போட்டது புதுசு, ஓடுவது பழசு

இதைவிட ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. போர்டு அழகாக எழுந்து நிற்கும். எல்லாம் வேலை செய்யும். ஆனால், ஊசி எண்ணிக்கை மட்டும் முன்போலவே தவறும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு பார்த்தால், ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னலாகவே இருக்கும்!

காரணம், ஃபைல் வைக்கும் இடம். ராஸ்பெர்ரி பை-யின் 2023 அக்டோபர் பதிப்பான 'புக்வர்ம்' முதல், கெர்னல் இருக்க வேண்டிய இடம் 'பூட்' ஃபோல்டர் அல்ல, அதற்குள் இருக்கும் 'ஃபர்ம்வேர்' ஃபோல்டர். பழைய வழிகாட்டியைப் பார்த்து 'பூட்' ஃபோல்டரில் வைத்தால், கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எந்த எச்சரிக்கையும் வராது.

இதற்கு எளிய மருந்து, தயாரிக்கும்போதே கெர்னலுக்குச் சொந்தமாக ஒரு பெயர் ஒட்டு சேர்ப்பது. அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. நூல் கோனில் லாட் நம்பர் ஒட்டுவது மாதிரி. எழுந்ததும் 'யுனேம்' என்று கேட்டால், இப்போது ஓடும் கெர்னலின் பெயரை அது சொல்லிவிடும். நீங்கள் ஒட்டிய பெயர் வரவில்லை என்றால், வேறெதையும் ஆராய வேண்டாம்.

கறுப்புத் திரைக்குப் பின்னால்

விளக்கு சிமிட்டவில்லை, வானவில்லும் போய்விட்டது, திரை மட்டும் கறுப்பு. கெர்னல் கிளம்பி, வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. கடைசியாக அது என்ன பேசியது என்று கேட்க வேண்டும்.

முதல் வேலை, கெர்னலுக்குக் கட்டளைகள் எழுதும் 'சிஎம்டி-லைன்' ஃபைலில் 'க்வயட்' என்ற சொல்லை எடுத்துவிடுவது. பேசாமல் இரு என்ற உத்தரவு அது. எடுத்துவிட்டால் கெர்னல் தன் ஒவ்வொரு அடியையும் திரையில் எழுதும். அந்த ஃபைலில் உள்ளது எல்லாமே ஒரே வரியில் இருக்க வேண்டும். நடுவில் என்டர் தட்டிவிட்டால் அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

திரையே வேலை செய்யவில்லை என்றால் சீரியல் கேபிள். யு.எஸ்.பி-யில் செருகும் சிறு கருவி, அதிலிருந்து 3 ஒயர்கள். பை 4-ல் 6-வது பின்னில் கிரவுண்டு, 8-ம் 10-ம் பேசவும் கேட்கவும். இந்தப் பக்கம் பேசும் ஒயர் அந்தப் பக்கம் கேட்கும் பின்னுக்குப் போக வேண்டும். நேருக்கு நேர் கொடுத்தால் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. வேகம் 1,15,200 என்று வைக்க வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் சீரியல் வழியைத் திறந்தும் வைத்திருக்க வேண்டும். பை 5-ல் இதற்கென்றே 3 பின் கொண்ட தனி இணைப்பு, இரண்டு ஹெச்.டி.எம்.ஐ துளைகளுக்கு நடுவே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் கேபிளை மாட்டினால் போர்டு பழுதாகலாம். மெஷினின் 24 வோல்ட் சென்சார் ஒயரை நேராகக் கொண்டுவந்து சொருகுவது அதைவிட ஆபத்து. நடுவில் ஆப்டோ கப்ளர் போன்ற தடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

பீரோ சாவி பீரோவுக்குள்ளே

சீரியல் திரையில் அடிக்கடி வந்து நிற்கும் வாசகம் 'கெர்னல் பேனிக்'. பெயர்தான் பயமுறுத்தும். பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியிலேயே காரணம் இருக்கும். புதுக் கெர்னல் போட்டவர்கள் அதிகம் பார்ப்பது, 'ரூட் ஃபைல் சிஸ்டத்தைத் திறக்க முடியவில்லை' என்ற புலம்பல்.

கெர்னலைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு வசதிக்கும் மூன்று பதில்கள் உண்டு. உள்ளேயே சேர், சேர்க்காதே, அல்லது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் மாட்யூலாகத் தனியே வை. இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று, மெமரி கார்டைப் படிக்கும் டிரைவரையும் அதன் ஃபைல் அமைப்பைப் புரிந்துகொள்ளும் டிரைவரையும் மாட்யூலாக மாற்றிவிடுவார்கள். அந்த மாட்யூல் எங்கே இருக்கும்? அதே மெமரி கார்டில்! பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

அந்த இரண்டையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். அல்லது 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு பொட்டலத்தில் கட்டி, கெர்னலுடன் சேர்த்து அனுப்பலாம். இரண்டும் சரியாக இருந்தும் பேனிக் வருகிறது என்றால், சிஎம்டி-லைன் ஃபைலில் கார்டின் எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்ற முகவரி சரியா என்று பாருங்கள். வேறு கார்டுக்கு மாற்றும்போது இந்த முகவரி மாறிவிடும்.

எழுந்துவிட்டது, வைஃபை எங்கே?

போர்டு எழுந்தது. திரை வந்தது. ஆனால் வைஃபை இல்லை, கேமரா இல்லை. இது மாட்யூல் மறதி. கெர்னல் ஒரு ஃபைல், மாட்யூல்கள் தனி ஃபோல்டர். கெர்னலை மட்டும் காப்பி செய்துவிட்டு மாட்யூல்களை நிறுவ மறந்தால் இப்படி ஆகும். கெர்னலும் மாட்யூலும் ஒரே லாட்டாக இருக்க வேண்டும். ஒரு லாட் நூலில் உடம்பும் வேறு லாட்டில் கையும் பின்னினால் டி-ஷர்ட்டில் நிறம் ஒட்டாது. கெர்னலோ, பெயர் ஒட்டு மாறியிருந்தால் மாட்யூலை உள்ளே விடவே விடாது.

இன்னொரு வாய்ப்பு, 'டிவைஸ் ட்ரீ'. எந்தப் பின்னில் எது இருக்கிறது, எந்தச் சிப் எங்கே இருக்கிறது என்று போர்டின் வரைபடத்தைக் கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல் அது. கெர்னலைப் புதிதாக்கிவிட்டு வரைபடத்தைப் பழையதாகவே விட்டால், கேமரா இருக்கும் தெரு கெர்னலுக்குத் தெரியாது.

கெர்னலைச் சின்னதாக்க, இப்போது பயன்பாட்டில் உள்ள டிரைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும் 'லோக்கல் மாட் கான்ஃபிக்' என்ற வழியும் இருக்கிறது. அதை ஓட்டும் நேரத்தில் கேமராவைச் செருகியிருக்கவில்லை என்றால், அதன் டிரைவரைத் தேவையில்லாதது என்று தூக்கி எறிந்துவிடும்.

தயாரிப்பிலேயே நின்றுபோனால்?

சில நேரம் கெர்னல் தயாராகும்போதே வேலை நின்றுவிடும். திரையின் கடைசி வரியைப் படித்துவிட்டுக் குழம்புபவர்கள் அதிகம். கடைசி வரி, வேலை நின்றது என்ற அறிவிப்பு மட்டும்தான். பல வேலைகள் ஒன்றாக ஓடுவதால், உண்மையான பிழை அதற்குப் பல வரிகள் மேலே புதைந்திருக்கும். முதலில் வந்த பிழையைத் தேடிப் பிடியுங்கள்.

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. தேவையான துணைக் கருவி ஒன்று நிறுவப்படவில்லை, கார்டில் இடமில்லை, அல்லது ராம் போதவில்லை. போர்டிலேயே தயாரித்தால் மணிக்கணக்கில் ஆகலாம். நல்ல லேப்டாப்பில் தயாரித்து எடுத்துவருவது வேகம். ஆனால் அங்கே 'ஆர்ம் 64' போர்டுக்குத்தான் தயாரிக்கிறேன் என்று சொல்ல மறந்தால், கம்ப்யூட்டர் தனக்கே ஒரு கெர்னல் செய்துகொள்ளும்.

நேற்று வரை நன்றாக ஓடிய கெர்னல், புதுப் பதிப்பில் கெட்டுப்போனால் இன்னொரு வழி. பழையதற்கும் புதியதற்கும் நடுவே 1,000 மாற்றங்கள் நடந்திருந்தால், சரி பாதியை எடுத்து ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் பழுது பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. 10 முறையில் குற்றவாளி கிடைத்துவிடுவார். லினஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்' கருவியில் இதற்கு 'பைசெக்ட்' என்று ஒரு வசதியே இருக்கிறது.

பழி கெர்னல் மேல், குற்றம் கரன்ட்டில்

பனியன் கம்பெனிக்குள் வைக்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. ஒரே லைனில் பெரிய மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழலாம். மட்டமான சார்ஜர், மெல்லிய கேபிள் என்றால் இன்னும் மோசம். போர்டுக்கு வரும் மின்சாரம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், ராஸ்பெர்ரி பை எச்சரிக்கையைப் பதிவு செய்யும். கெர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் 'டி-மெசேஜ்' கட்டளையில் அது தெரியும். அதைப் பார்க்காமல் கெர்னலைத் திரும்பத் திரும்பத் தயாரித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர் தரும் நல்ல சப்ளை தேவை.

அடுத்தது பஞ்சு. காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் மெத்தைபோலப் படியும். சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த ஊசி எண்ணிக்கை மதியம் தவறினால், முதலில் பிரஷ்ஷை எடுங்கள்.

மூன்றாவது, கரன்ட் கட். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல்கள் சிதையலாம். மறுநாள் போர்டு எழவில்லை என்றால் அது கெர்னலின் குற்றமில்லை. சின்ன பேக்கப் பேட்டரியோ, கார்டைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் அமைப்போ இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

திரும்பி வர ஒரு வழி

அனுபவசாலிகள் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை ஒருபோதும் அழிப்பதில்லை. புதியதை வேறு பெயரில் பக்கத்தில் வைப்பார்கள். எழவில்லையா? கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, ஒரே ஒரு வரியை மாற்றினால் பழையது வந்துவிடும்.

பை 4, பை 5 மாடல்களில் 'ட்ரை பூட்' என்றொரு வசதியும் உண்டு. புதுக் கெர்னலை ஒரே ஒரு முறை மட்டும் ஓட்டிப் பார் என்று சொல்லலாம். சரியாக எழவில்லை என்றால், மறுமுறை ஆஃப் செய்து போடும்போது பழைய கெர்னலே வந்து நிற்கும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். செய்ததை உடனே நோட்டில் எழுதுவது. இந்த இரண்டும் இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் உதவாது. ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு எது கெடுத்தது என்று தேடினால் விடிந்துவிடும்.

உண்மையிலேயே தேவையா?

இதையும் கேட்டுவிட வேண்டும். மெஷின் எத்தனை கிலோ ஓடியது, எத்தனை முறை நின்றது என்ற கணக்கு மட்டும் போதுமென்றால் ரெடிமேட் கெர்னலே தாராளம். ஊசி ஊசியாக எண்ண வேண்டும் என்றாலும், விலை குறைந்த மைக்ரோ கன்ட்ரோலர் ஒன்றிடம் எண்ணும் வேலையைக் கொடுத்துவிட்டு, மொத்தக் கணக்கை மட்டும் லினக்ஸ் போர்டுக்கு அனுப்பலாம். படத்தையும் நேரத்தையும் ஒரே இடத்தில் இணைத்தாக வேண்டிய நிலை வந்தால்தான் சொந்தக் கெர்னல். மெஷினின் அசல் பாதுகாப்பு ஸ்டாப் அமைப்பை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது.

நாளைக்கு அந்தக் கருவியை விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் நிபந்தனை உண்டு. கெர்னலை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், அவர்கள் கேட்கும்போது மாற்றிய கெர்னலின் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். உங்கள் தனி ஆப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்தத் திறமைக்குப் பெரிய மேடையும் இருக்கிறது. ஐ.ஐ.டி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய 'சக்தி' பிராசஸர், 2018-ல் சிப்பாகக் கைக்கு வந்தபோது, அது பெற்ற முக்கியமான சான்றிதழ் என்ன தெரியுமா? 'லினக்ஸ் எழுந்து நின்றது' என்பதுதான். உலகில் புதிய சிப் ஒன்று பிறந்ததும் பலரும் முதலில் பார்க்க ஆசைப்படும் காட்சி அது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக ஓடி, கடைசியில் பெயரைக் கேட்டு நிற்கும் அந்த லாகின் வரி.

கடைசிப் பரீட்சை

திரையில் லாகின் வந்துவிட்டது என்பதற்காக மெஷினில் மாட்டிவிட முடியாது. ரியல் டைம் கெர்னல் எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்க 'சைக்ளிக் டெஸ்ட்' என்ற கருவி உண்டு. சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே அழகாகத் தெரியும். கார்டில் எழுதவிட்டு, நெட்வொர்க்கை ஓடவிட்டு, கேமராவையும் போட்டு, சில மணி நேரம் அளக்க வேண்டும். சராசரியைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. மிக மோசமான ஒரு தாமதம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊசி தப்பிப்போவது அந்த ஒரு தடவையில்தான்.

பிறகு மெஷினிடமே கேட்கலாம். அதில் எத்தனை ஊசிகள் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். 2,260 என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் போர்டு 2,260 என்று எண்ண வேண்டும். 2,257 என்று வந்தால் எங்கோ மூன்று முறை அது திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முழு ஷிப்ட், சுற்றுக்குச் சுற்று 2,260 என்றே வந்தால், மெக்கானிக் ஓர் ஊசியை எடுத்துவிட்டு மெஷினை ஓட்டிப் பார்க்கலாம்.

அடுத்த சுற்றே 2,259 என்று காட்டி மெஷின் நின்றதென்றால், 12 மீட்டர் துணி தப்பித்தது.